வந்தவரும் வராதவரும்: செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்தில் புனிதர் கதைகள்

கேள்வி

பதுவை அந்தோணியார் 1195ஆம் ஆண்டளவில் லிஸ்பனில் பிறந்து, 1231இல் இத்தாலியின் பதுவை நகரை அடுத்து இறந்தவர். இந்தியக் கரையை அவர் கண்டதில்லை. அதே லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜான் டி பிரிட்டோ, இயேசு சபையின் மதுரை மிஷனுக்கு வந்து, காவி உடுத்தி, அருளானந்தர் எனப் பெயர் பூண்டு, செஞ்சி நாட்டிலும் தஞ்சை, மறவர் நாடுகளிலும் பணியாற்றியவர். ஆனால் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களின் கோயில்களையும் கெபிகளையும் பார்த்துக்கொண்டே போனால், இந்நாட்டுக்கு வந்தவரைவிட வராதவர்களின் சுரூபங்களே அதிகம் கண்ணில் படும். அந்தோணியார், செபஸ்தியார், மிக்கேல் சம்மனசு, எல்லோருக்கும் மேலாக மாதா.

இந்த முரண் பழைய கேள்வி ஒன்றைக் கிளப்புகிறது. புனிதர் கதை என்பது என்ன? நடந்த வாழ்க்கையின் பதிவா, நம்பிக்கை புனைந்த காவியமா, ஊர்த்தெய்வத்தின் மறுவடிவமா? அதன் உண்மையை எந்தத் தராசில் நிறுப்பது? ஐரோப்பாவில் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகவும் தமிழகத்தில் ஏறத்தாழ அதே காலமாகவும் இதற்கு விடை சொல்லப்பட்டு வருகிறது. அவற்றுள் முதன்மையான ஐந்தை, பழைய தென்னார்க்காட்டின் வடபகுதியை மனத்தில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை ஆகியவை அடங்கிய இந்நிலம் 1993இல் தனி மாவட்டமாகி, 2019இல் கள்ளக்குறிச்சி பிரிந்தபின் இரண்டானது. பக்தி வரலாறு இந்த எல்லைக்கோடுகளைப் பொருட்படுத்தியதில்லை.

சொற்கள் சொல்லும் வரலாறு

விடைகளுக்குமுன் சொற்களைப் பார்ப்பது பயன் தரும். ‘புனிதர்’ என்பது கத்தோலிக்கப் பொதுவழக்கில் பிற்காலத்தில் நிலைபெற்ற சொல். அதற்கு முன் ‘அர்ச்சியசிஷ்டர்’ என்றே வழங்கினர். வழிபடத்தக்க மேலோர் என்பது அதன் பொருள். பழைய செபப் புத்தகங்களில் புனிதர் பெயருக்குமுன் நிற்கும் ‘அர்ச்.’ என்ற சுருக்கம் அதன் எச்சம். மறைக்காக உயிர்விட்டவர் ‘வேதசாட்சி’. அற்புதத்துக்குப் ‘புதுமை’ என்று பெயர். சீர்திருத்தச் சபையார் ‘பரிசுத்தவான்’ என்பார்கள். அச்சொல் பீடத்தில் நிற்பவரைக் குறிக்காது. விசுவாசி ஒவ்வொருவருக்கும் பொருந்தும்.

இன்னொரு சொல் மேலும் ஆழமானது. முத்துக்குளித்துறை மக்களுக்காக அண்ட்ரிக் அடிகளார் என்ற ஹென்றிக் ஹென்றிக்கஸ் தமிழில் எழுதிய புனிதர் வரலாற்றுத் தொகுப்பு 1586இல் அச்சேறியது. ‘புளோஸ் சாங்க்தோரும்’, அதாவது புனிதர் மலர், என்ற மரபில் வந்த அந்நூலை 1967இல் ச. இராசமாணிக்கம் அடிகளார் பதிப்பித்தபோது அது ‘அடியார் வரலாறு’ என்ற பெயரில் வந்தது. தமிழ் அச்சு நூல்களுள் மிகத் தொன்மையான சிலவற்றில் ஒன்று புனிதர் கதைத் தொகுப்பு என்பதும், அதற்குப் பொருந்திய தமிழ்ப் பெயர் சைவத்தின் சொல்லாக இருந்தது என்பதும் தற்செயல் என்று தள்ளத் தக்கவை அல்ல.

ஏனெனில் இந்நிலமே அடியார் கதைகளின் நிலம். சுந்தரர் பிறந்தது திருநாவலூர். கிழவேடத்தில் வந்த இறைவன் ஓலை காட்டி அவரை ஆட்கொண்டதாகச் சொல்லப்படுவது திருவெண்ணெய்நல்லூர். அடியார் வேடமிட்டுச் சுவடிக்குள் கத்தியை மறைத்து வந்த பகைவனையும் திருநீற்றுக்காக வணங்கி உயிர்விட்ட மெய்ப்பொருள் நாயனார் திருக்கோவலூரை ஆண்டவர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் தொகுத்த இக்கதைகளை ஊரார் வரலாறு, புராணம் என்று கூறுபோட்டுக் கேட்டதில்லை. கிறிஸ்தவப் புனிதர் கதை வந்து விழுந்தது ஏற்கெனவே உழுது வைத்திருந்த நிலத்தில்.

முதல் விடை: ஆவணத்தைக் காட்டு

முதல் விடை வரலாற்றுத் திறனாய்வினுடையது. திருச்சபையின் உள்ளிருந்தே அது எழுந்தது. 1260களை ஒட்டி யாக்கோபு தே வோராஜினே தொகுத்த ‘பொன் கதைத் தொகுப்பு’ ஐரோப்பா முழுவதும் படிக்கப்பட்டது. அதில் எது நடந்தது, எது சேர்ந்தது என்று பிரிக்கும் வேலையை இயேசு சபையின் பொலாண்டிஸ்ட் குழுவினர் மேற்கொண்டனர். ‘புனிதர் செயல்கள்’ என்னும் பெருந்தொகுதியின் முதல் இரு பாகங்கள் 1643இல் வந்தன. புனிதர் ஒவ்வொருவரையும் அவரது விழா நாளில் வைத்து, கிடைக்கும் ஏடுகளை ஒப்பிட்டு, பழையதையும் பிந்தியதையும் தரம்பிரிப்பது அவர்கள் முறை. இந்த நேர்மைக்கு விலையும் கொடுத்தார்கள். கார்மேல் சபையை எலியா தீர்க்கதரிசியே தொடங்கினார் என்ற மரபை ஐயுற்றதால், அவர்களின் பாகங்கள் 1695இல் ஸ்பானிய விசாரணை மன்றத்தால் தடைசெய்யப்பட்டன.

இம்மரபில் வந்த இப்போலித் தெலஹே 1905இல் வெளியிட்ட நூல் இந்த முறைக்கு இலக்கணம் வகுத்தது. ஒரு புனிதரைப் பற்றிய உறுதியான தடயம் பெரும்பாலும் இரண்டே என்றார் அவர்: அவரை மக்கள் நினைவுகூரும் நாள், நினைவுகூரும் இடம். மற்றவை ஒரு புனிதரிடமிருந்து இன்னொருவருக்கு நழுவிச் செல்லும் கதைக்கூறுகள். அந்தோணியாரே நல்ல சான்று. அவர் இறந்த சிறிது காலத்தில், 1232ஐ ஒட்டி எழுதப்பட்ட முதல் வரலாறு அடக்கமானது. மக்கள் கேட்க மறுத்ததால் கடற்கரையில் மீன்களுக்குப் போதித்தார் என்ற புகழ்பெற்ற கதை பிந்திய நூல்களில்தான் வளர்கிறது. இதைவிட வியப்பானது யோசபாத்து என்ற புனிதரின் கதை. அரண்மனையைத் துறந்த அந்த இந்திய இளவரசர், போதிசத்துவரே பல மொழிகளினூடே பயணம் செய்து பெற்ற கிறிஸ்தவ வடிவம் என்பதை அறிஞர்கள் பொதுவாக ஏற்கின்றனர்.

இத்திறனாய்வின் விளைவு வழிபாட்டு நாட்காட்டியையும் தொட்டது. பிலோமினாளின் விழா 1961இல் நீக்கப்பட்டது. 1969 சீர்திருத்தத்தில் கிறிஸ்டோபர் போன்றோர் பொது நாட்காட்டியிலிருந்து விலக்கப்பட்டனர்.

முறையின் வலிமை ஐயத்துக்கு இடமில்லாதது. குறை, அது கேட்காத கேள்வியில் இருக்கிறது. ஒரு கதை பிந்தியது என்று நிறுவிய பிறகும், அது ஏன் பிழைத்தது, கடல்கடந்து வந்து தென்னார்க்காட்டுச் சிற்றூரில் ஏன் வேர்விட்டது என்பவை அப்படியே நிற்கின்றன. நாட்காட்டியில் பெயர் எடுபட்ட பின்னும் வீடுகளில் பிலோமினாள் என்று பெண்குழந்தைகளுக்குப் பெயரிடுவது நின்றுவிடவில்லை.

இரண்டாம் விடை: வேண்டாம், ஆனால் நினைப்போம்

இரண்டாம் விடை சீர்திருத்தச் சபைகளுடையது. 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கை இதைச் சுருங்கச் சொல்கிறது: விசுவாசத்துக்கு முன்மாதிரியாகப் புனிதரை நினைக்கலாம், உதவி கேட்டு வேண்டக் கூடாது. திரெந்து பொதுச்சங்கம் 1563இல் எதிர்விடை தந்தது. புனிதரிடம் மன்றாடுவது நல்லதும் பயனுள்ளதும் என்றது. மூடநம்பிக்கையைக் களையவும் ஆணையிட்டது.

இவ்விவாதம் நம் வட்டாரத்துக்கு இரு வழிகளில் வந்தது. டேனிஷ் மிஷனின் வழித்தோன்றலான ஆற்காடு லுத்தரன் திருச்சபை ஒன்று. அமெரிக்கச் சீர்திருத்தச் சபையார் 1853இல் நிறுவிய ஆற்காடு மிஷன் இன்னொன்று. அதன் நிலையங்களுள் திண்டிவனமும் அடங்கும். அச்சபை மரபு பிற்காலத்தில் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தது. சுரூபமும் தேர்பவனியும் இல்லாத வழிபாடு இவர்களுடையது.

ஆனால் திண்டிவனத்தின் மிகப் புகழ்பெற்ற கிறிஸ்தவக் கதை இந்தச் சபைக்குள்தான் பிறந்தது. 1890களின் முற்பகுதியில், மருத்துவ மிஷனரியான தந்தையுடன் திண்டிவனத்தில் தங்கியிருந்த இளம்பெண் ஐடா ஸ்கட்டர், ஊழியத்தில் நிலைத்திருக்க விருப்பமின்றி அமெரிக்கா திரும்பும் எண்ணத்தில் இருந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர்பின் ஒருவராக, கதவைத் தட்டினார்கள். பிள்ளைப்பேற்றில் தவிக்கும் தங்கள் மனைவியருக்கு உதவ ஒரு பெண் வேண்டும். ஆண் மருத்துவர் பார்க்க வழக்கம் இடம்தராது. ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், ஒருவர் வேறொரு சாதி இந்து. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா மருத்துவம் படிக்கத் தீர்மானித்தார். 1900இல் திரும்பிவந்து வேலூரில் அவர் தொடங்கிய பணியே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

இக்கதை சொல்லப்படும் வகை புனிதர் கதைகளின் வகையே. தயங்கும் உள்ளம், இரவு, மும்முறை அழைப்பு, விடியலில் மனமாற்றம். இளம் சாமுவேலை இறைவன் இரவில் அழைத்த விவிலியப் பகுதியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாக இராது. ஐடாவே பலமுறை சொன்னதிலிருந்து பரவிய கதை இது என்பதால், சொல்லச் சொல்ல மெருகேறியிருக்கலாம் என்று தெலஹே வழிவந்த வாசகர் ஐயுறக் கூடும். ஆனால் பேறுகாலச் சாவுகளும் ஆண் மருத்துவர்மீதான தடையும் அக்காலத்து நடப்பு. மூன்று வீட்டுத் துயரம் ஒரே இரவில் நிகழ்வது அரிது. நிகழவே முடியாதது அன்று. கதையின் வடிவம் பழையது என்பதாலேயே நிகழ்ச்சி பொய்யாகிவிடாது. முதல் விடைக்குத் திண்டிவனம் சொல்லும் திருத்தம் இது.

இரண்டாம் விடையின் குறையும் இங்கேயே தெரிகிறது. வேண்டுதலை விலக்கிய சபைக்கும் முன்மாதிரிக் கதை தேவைப்பட்டது. ஐடாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுவோர் இல்லை. ஆனால் அவர் கதை ஞாயிறு பள்ளியிலும் மருத்துவமனை விழாக்களிலும் ஆற்றும் வேலை, அந்தோணியார் கதை நவநாளில் ஆற்றும் வேலையிலிருந்து வெகுதொலைவில் இல்லை. நினைப்பதற்கும் வேண்டுவதற்கும் இடையிலான கோடு கோட்பாட்டில் தெளிவானது. வாழ்க்கையில் அவ்வளவு தெளிவானதாகத் தெரியவில்லை.

மூன்றாம் விடை: காவியமாகப் படி

மூன்றாம் விடை இலக்கியத்தினுடையது. புனிதர் கதை வரலாற்றுக்குப் போட்டியாக எழுந்ததன்று. அதற்கென்று தனி இலக்கணம் உண்டு. தமிழில் இதற்குத் தலைசிறந்த சான்று வீரமாமுனிவர். விவிலியத்தில் ஒருசில இடங்களில் மட்டும் வரும் சூசையப்பரைத் தலைவனாக்கி, 1726இல், 36 படலங்களில், 3615 பாடல்களில் ‘தேம்பாவணி’யை அவர் பாடினார். விவிலியம் சொல்லாத இடங்களை நிரப்ப, ஸ்பானியத் துறவி ஆகிர்த மரியாளின் ‘கடவுளின் மறைநகர்’ அவருக்கு உதவியது. நாடும் நகரும் பாடிய முறை தமிழ்க் காப்பிய முறை. தலைவனுக்கு வளன் என்று பெயர்.

‘கித்தேரியம்மாள் அம்மானை’ இதைவிடவும் சிந்தனைக்குரியது. ஒரே பேற்றில் பிறந்த ஒன்பது சகோதரிகளுள் ஒருவராகப் போர்த்துக்கல் மரபில் போற்றப்படும் கித்தேரியாளுக்கு வலுவான பழைய ஆவணம் இல்லை. திறனாய்வாளர் தராசில் எடை குறைந்த அந்தப் புனிதைக்குப் பெண்கள் வாயில் எளிதாகப் புழங்கும் அம்மானை வடிவத்தை வீரமாமுனிவர் கொடுத்தார். கூத்து மேடையிலும் இதே நிலை. எஸ்தாக்கியார் நாடகம் போன்றவை தமிழகத்திலும் ஈழத்திலும் கத்தோலிக்கக் கூத்து மரபில் நிலைத்தன. கொம்புகளுக்கு நடுவே சிலுவை தாங்கிய மானைக் கண்டு மனம் மாறி, மனைவி மக்களைப் பிரிந்து, பின் சேரும் படைத்தலைவனின் கதை அரிச்சந்திரன் கூத்தில் விழித்திருந்து பழகிய கண்களுக்கு உடனே புரிந்திருக்கும்.

விருத்தாசலம் பக்கத்துக் கோணான்குப்பத்தில் வீரமாமுனிவரே கதைமாந்தர் ஆகிவிட்டார். தமிழ்ப்பெண் கோலத்தில் அவர் மணிலாவிலிருந்து வரவழைத்ததாகச் சொல்லப்படும் பெரியநாயகி மாதா சுரூபம், அது காணாமற்போய்க் கிடைத்த கதை, பிள்ளையில்லாத முகாசாபரூர்க் கச்சிராயருக்கு வரம் கிடைத்த கதை ஆகியவை அங்கே வழங்குகின்றன. புனிதர் கதை எழுதியவரைச் சுற்றியே கதை வளர்ந்தது. அவரோ புனிதர் பட்டம் பெறாதவர்.

இலக்கிய விடை கதைக்கு மதிப்பைத் திருப்பித் தருகிறது. அதன் குறை, நேர்ச்சை செலுத்த வருபவரின் அக்கறையை அது கைவிட்டுவிடுவது. சுகம் கேட்டு வந்தவருக்கு அந்தோணியார் காப்பியத் தலைவர் அல்லர். கேட்கும் காது உள்ளவர்.

நான்காம் விடை: ஊர்த்தெய்வத்தின் உறவினர்

அந்தக் காதை ஆராய வந்தவர்கள் மானிடவியலாளரும் சமூக வரலாற்றாசிரியரும். சூசன் பெய்லி 1989இல் வெளியிட்ட ஆய்வில், தென்னிந்தியாவில் கிறிஸ்தவப் புனிதரும் இஸ்லாமிய இறைநேசரும் சக்தியும் சினமும் கொண்ட உள்ளூர்த் தெய்வ உலகத்தோடு கலந்தே வேரூன்றினர் என்றார். குதிரைமீது வாளேந்திய சந்தியாகப்பர், அரக்கனை மிதித்து நிற்கும் மிக்கேல், கொள்ளைநோய்க்குக் காவலான செபஸ்தியார் ஆகியோர் அய்யனாரும் வீரனும் மாரியும் அறிந்த ஊருக்கு விளங்கும் உருவங்கள். டேவிட் மோஸ் 2012இல் வெளியிட்ட ‘ஆலமரத்துப் புனிதர்’ என்ற பொருள்படும் ஆங்கில நூல் இதை நுட்பமாக்கியது. சமயம் எது, சமூக வழக்கம் எது என்று இயேசு சபையார் பிரித்த முறையே பல வழக்கங்கள் தொடர இடம் தந்தது என்பது அவர் வாதத்தின் முக்கியமான இழை.

இவ்விரு ஆய்வுகளும் பெரிதும் தென்மாவட்டங்களைச் சார்ந்தவை. அவற்றின் முடிவுகளைத் தென்னார்க்காட்டுக்கு அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. இங்குள்ள தெய்வ வரைபடம் வேறு. மேல்மலையனூர் அங்காளம்மனும் ஊருக்கு ஊர் திரௌபதையம்மனும் ஆளும் நிலம் இது. ஆல்ப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட ஆய்வு, திரௌபதி வழிபாட்டின் மையமாகச் செஞ்சியை அடையாளம் கண்டது. அவ்வழிபாட்டுக் கதையின்படி, குருச்சேத்திரத்தில் போர் முடித்த திரௌபதி, செஞ்சிக் காட்டில் மீண்டும் தோன்றி, அசுரனை அழிக்க அந்நாட்டு அரசனுக்குத் துணைநின்றாள்.

இது புனிதர் கேள்விக்குப் புதிய வெளிச்சம் தரக் கூடும். தொலைதேசத்தில் நடந்த கதையின் நாயகியைத் தன் மண்ணுக்கு அழைத்துக்கொள்வது இந்நிலத்துக்குப் பழகிய செயல். வேம்படியில் பாஞ்சாலி இறங்கியதுபோலக் கெபியில் லூர்து மாதா இறங்குகிறாள். பிரான்சின் லூர்து நகரக் காட்சி 1858இல் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுகிறது. அடுத்த சில பதிற்றாண்டுகளுக்குள் செஞ்சிக்கு அப்பால் சேத்துப்பட்டில் பாரிஸ் மிஷனைச் சேர்ந்த தாராஸ் அடிகளார் அந்த மாதாவுக்குப் பெருங்கோயில் எழுப்பும் அளவுக்குப் பக்தி பரவியிருந்தது.

இவ்விடைக்கும் எல்லை உண்டு. எல்லாப் புனிதரையும் பழைய தெய்வத்தின் முகமூடியாகப் பார்த்தால், மதம் மாறியவர்கள் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை என்றாகிவிடும். 1876 முதல் 1878 வரை வாட்டிய பெரும்பஞ்சத்தின்போதும் அதையடுத்தும் இவ்வட்டாரத்தில் ஞானஸ்நானம் பெற்ற தலித் குடும்பங்களுக்குப் புதிய சமயம் தந்த வேறுபாடு உயிர்நாடியானது. ஒற்றுமையை அளக்கும் கோல் அந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறது.

ஐந்தாம் விடை: தேர் யார் தெருவில் போகிறது?

ஐந்தாம் விடை கதையை விட்டுவிட்டுச் சப்பரத்தைப் பின்தொடர்கிறது. புனிதர் யார் என்பதைவிட, கொடி யார் ஏற்றுகிறார், தேர் எந்தத் தெருவரை வருகிறது, விழாவின் முதல் மரியாதை யாருக்கு என்ற கேள்விகளே சமூக உண்மையைக் காட்டும் என்பது தலித் கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள் வலியுறுத்தும் நிலை.

அதற்கு இவ்வட்டாரமே கடுமையான சான்று தருகிறது. உளுந்தூர்பேட்டைப் பக்கத்து எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக அறிவிக்கக் கோரியதை ஒட்டி எழுந்த பூசல் 2008 மார்ச்சில் வன்முறையானது. காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தனர். பெரிய கோயிலில் செபமாலை மாதா, தலித் மக்களின் கோயிலில் சகாய மாதா. இறையியலில் இருவரும் ஒருவரே. ஊரின் நிலவரைபடத்தில் இரு கோயில்கள், இரு உரிமைகள். ஒரே தாயின் இரண்டு பெயர்கள் ஒரு சாதிக் கோட்டின் இரு கரைகளில் நிற்கக் கூடும் என்பதை எந்தப் புனிதர் வரலாற்று நூலும் நமக்குச் சொல்லியிராது.

புனிதர் பட்ட நடைமுறையும் இக்கேள்வியிலிருந்து தப்பவில்லை. 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம், அப்பட்டம் பெற்ற முதல் இந்தியப் பொதுநிலையினர். அறிவிப்புக்கு முன்பு நடந்த விவாதங்களில் ஒன்று, ‘பிள்ளை’ என்ற சாதிப்பெயர் வேண்டுமா என்பது. சாதி வேற்றுமை பாராட்டாதவராகப் போற்றப்படுபவருக்கு அப்பெயர் பொருந்தாது என்ற வாதத்தை ஏற்று அது நீக்கப்பட்டது. பெயரில் ஒரு சொல்லை வைப்பதும் எடுப்பதும்கூடப் புனிதர் வரலாற்றைத் திருத்தி எழுதுவதே.

இவ்விடையின் கூர்மை மறுக்க முடியாதது. எல்லாப் பக்தியையும் உரிமைப் போராட்டமாக மட்டும் வாசிப்பதே அதற்குள்ள ஆபத்து. தனிப் பங்கு கேட்டவர்கள் அந்தப் பங்கில் செபிக்கவும் விரும்பினார்கள்.

ஐந்து விடைகளும் கூடும் இடம்

இவ்வைந்தையும் ஒருசேரச் சோதிக்க அருளானந்தரே தக்கவர். அவரைப் பொறுத்தவரை ஆவணப் பஞ்சம் இல்லை. சபைக் கடிதங்கள் உண்டு. 1693 பிப்ரவரி 4 அன்று மறவர் நாட்டு ஓரியூரில் வெட்டுண்டு இறக்குமுன் சிறையிலிருந்து அவரே எழுதிய கடிதம் உண்டு. நோயில் கிடந்த மறவர் தலைவர் தடியத்தேவர் குணமடைந்து ஞானஸ்நானம் பெற்றதும், ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கியதும், விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் அந்நாட்டு மன்னர் சேதுபதியின் குடும்பத்தினர் என்பதால் எழுந்த சினமும் கொலைக்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. அந்த மரணத்தில் நம்பிக்கை எவ்வளவு, அரசியல் எவ்வளவு, விலக்கப்பட்ட பெண்களின் துயரம் எவ்வளவு என்ற கேள்வி இன்றும் வரலாற்றாசிரியர்களைப் பிரிக்கிறது.

ஆனால் ஓரியூருக்கு வருவோர் முதலில் தேடுவது செம்மண்ணை. அவர் இரத்தத்தால் சிவந்த மண் என்ற நம்பிக்கை, ஆவணங்கள் அனைத்தையும்விட அதிகத் தொலைவு பயணம் செய்திருக்கிறது. வழிபட வருவோரில் இந்துக்களும் பலர்.

அவர் பட்டம் பெறத் தாமதமானதற்கான காரணங்களுள் ஒன்று நம் வட்டாரத்துக்கு அருகிலேயே உண்டானது. 1704இல் புதுச்சேரியில் தங்கியிருந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன், மலபார் சடங்குகள் எனப்பட்ட உள்ளூர் வழக்கங்களைத் தடைசெய்தார். ஞானஸ்நானப் பெயர்களை உரோமைப் புனிதர் பட்டியலிலிருந்து எடுக்கவேண்டும் என்பதும் அவ்வாணையில் அடங்கும். காவியுடையும் துறவிக்கோலமும் பூண்ட ஒருவர் அந்தச் சடங்குகளைக் கைக்கொண்டவர் அல்லவா என்ற ஐயம் எழுந்தது. அது தடையாகாது என்று 1741இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் தீர்த்துவைத்தார். முத்திப்பேறு பட்டம் 1853இல். புனிதர் பட்டம் 1947இல்.

இடைப்பட்ட காலத்தில் இங்கு ஆட்கள் மாறிவிட்டார்கள். இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்டது. 1776இல் புதுச்சேரி மிஷன் பாரிஸ் அந்நிய மறைபரப்புச் சங்கத்தின் கைக்கு வந்தது. அருளானந்தர் பீடத்துக்கு உரியவர் ஆனபோது, ஊர்க்கோயில்களின் மாடங்களில் அந்தோணியாரும் செபஸ்தியாரும் ஏற்கெனவே குடியேறியிருந்திருக்கலாம். இது ஊகமே; ஆனால் பொருந்தும் ஊகம்.

எது தீர்ந்தது, எது திறந்திருக்கிறது

ஐந்து விடைகளும் மோதிக்கொள்வதற்கு ஒரு காரணம், மூன்று வேறு பொருள்களை அவை ஒரே பெயரால் அழைப்பது. வாழ்ந்த மனிதர் ஒருவர். எழுதப்பட்ட புனிதர் இன்னொருவர். ஊரில் வேண்டப்படுபவர் மூன்றாமவர். முதலாமவருக்குத் திறனாய்வாளர் சொல்வதே இறுதி. இரண்டாமவரை அறிய இலக்கிய வாசிப்பு வேண்டும். மூன்றாமவரை விளக்க மானிடவியலும் சமூகக் கேள்வியும் சேர்ந்தே ஆகவேண்டும். அருளானந்தரில் மூவரும் நெருங்கி நிற்கிறார்கள். கித்தேரியாளில் முதலாமவர் ஏறத்தாழ மறைந்துவிட்டார். ஐடா ஸ்கட்டரில் மூன்றாமவர் பிறக்கவே அனுமதியில்லை. இப்படிப் பிரித்துப் பார்ப்பது மோதலைக் குறைக்கும், முற்றிலும் தீர்க்காது. ஓரியூர் மண்ணை வீட்டுக்கு எடுத்துச்செல்பவருக்கு அந்த மூவரும் ஒருவரே.

திறந்திருப்பவை சில. தென்மாவட்டங்களுக்குக் கிடைத்த அளவு ஊர்வழி ஆய்வு செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துக் கத்தோலிக்கச் சிற்றூர்களுக்கு வாய்க்கவில்லை. கிடைக்கும் ஆவணங்களில் பெரும்பகுதி போர்த்துக்கீசியம், இலத்தீன், பிரெஞ்சு மொழிகளில் மிஷனரிகள் எழுதியவை. வீடுவீடாகச் சென்று இக்கதைகளைத் தமிழில் சொல்லிப் பரப்பிய உபதேசியார்களின் குரலும், நவநாளில் அவற்றைக் கேட்டுப் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன பெண்களின் குரலும் அவற்றில் மெலிந்தே கேட்கின்றன. செஞ்சியிலேயே 1714இல் இறந்த தேசிங்குராஜனுக்கு நாட்டுப்பாடல் உண்டு. வரலாற்றையும் பாட்டையும் ஒப்பிட அதனால் வழியிருக்கிறது. அத்தகைய ஒப்பீட்டை இவ்வட்டாரப் புனிதர் கதைகளுக்குச் செய்ய, வாய்மொழிப் பதிவுதான் முதல் தேவை.

தொடக்கத்தில் கண்ட முரணுக்கு ஒரு தற்காலிக விடை சொல்லலாம். தெலஹே சொன்ன நாளும் இடமும் அருளானந்தருக்கு இறுகக் கட்டப்பட்டவை. அவரை வேண்ட ஓரியூருக்குப் போகவேண்டும். அந்த மண் அங்கேதான் சிவப்பு. அந்தோணியாரை இந்நிலத்தில் எந்த இடத்தோடும் கட்டிவைக்க ஆதாரமில்லை, ஆகவே எந்தத் தெருமுனையும் அவருக்குப் போதும். வந்தவருக்கு ஓர் இடம் உண்டு. வராதவருக்கு எல்லா இடமும் உண்டு. இது எல்லாப் புனிதருக்கும் பொருந்துமா என்பதைச் சிற்றூர் சிற்றூராகப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எறையூரை நினைத்தால், ‘எல்லா இடமும்’ என்பதற்குள்ளும் போகமுடியாத தெருக்கள் இருந்தன என்பதைச் சேர்த்தே சொல்லவேண்டும்.